உபயம்: சடையப்பன் குடும்பத்தார்

ஆரணி
11.08.2025

தென்னரசு அவர்களுக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். நான் இல்லை.

என் போனும் லேப்டாப்பும் அப்பாவின் பீரோவுக்குள் போய்விட்டன. சாவி அவர் இடுப்பில். என் தோழி கற்பகம் போனிலிருந்து பேசலாமே என்று ஆரம்பிக்காதீர்கள், அவள் போனை அவள் அண்ணன் தினமும் நோண்டுகிறான். என்னோடு காலேஜில் படித்தவள், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். கடை முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே எழுதினால் என் கைக்கு வரும். உங்கள் முகவரியை எப்போதோ நோட்டில் குறித்து வைத்தது நல்லதாகப் போயிற்று. கடைசியில் நாம் தபால்காரரை நம்ப வேண்டியதாகிவிட்டது.

நமக்குள் என்ன பேச்சு? நிகழ்ச்சியில் முகம் காட்டக் கூடாது, ஊர் சொல்லக் கூடாது. வீடியோ கேமைப் பற்றித் தமிழில் பேச 'மூணு உசுரு' என்று ஒரு நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பெங்களூரில் நீங்கள், இங்கே நான். கேட்பவர்களுக்கு என் பெயர்கூடச் 'சின்னபொண்ணு'தான். மூன்று வருடமாக உங்கள் முகத்தை நானும் என் முகத்தை நீங்களும் பார்த்ததில்லை. பின்னால் அம்மா தறி நெய்கிற சத்தத்தை நம் பசங்க கீபோர்டு சத்தம் என்று நினைத்துக்கொண்டு, அது எந்தக் கம்பெனி கீபோர்டு என்று சண்டை போட்டபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடிக் கூழ். ஸ்பீக்கரை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்கள், என் கெட்ட நேரம். நான் ஒரு கேமின் முடிவைத் திட்டிக்கொண்டிருந்த கடுப்பில், "இவ்ளோ கேவலமான கடைசி சண்டைய நம்ம தலையில கட்டனது யாருப்பா?" என்று கேட்கவும், மைக்கில் "உபயம்... மேட்டுத் தெரு சடையப்பன் குடும்பத்தார்!" என்று வரவும் சரியாக இருந்தது. நானும் புத்தி கெட்டுப்போய், "அய்யய்யோ, எங்கப்பா!" என்று கத்திவிட்டேன். நேரலையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதோடு போயிருக்கும். அதை வெட்டித் தனியாகப் போட்டது யார்? கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மையை ஒட்டியது யார்?

அப்பா களம்பூர் ரைஸ் மில்லில் மேஸ்திரி. வாழ்க்கையில் முதல் முறையாக இந்த வருடம்தான் கூழ் ஊற்ற முன்வந்தார். புது வேட்டி கட்டிக்கொண்டு மைக் பக்கத்திலேயே நின்றாராம், தன் பெயரைச் சொல்வதைக் கேட்க. இப்போது ரோட்டில் பள்ளம் என்றாலும், கரண்டு போனாலும், மில்லில் பெல்ட் அறுந்தாலும், "உபயம் சடையப்பன் குடும்பத்தார்". லாரிக்காரர்கள் அவரை, "இன்னா உபயம், துன்ட்டியா?" என்று கூப்பிடுகிறார்கள். அவர் என்னை அடிக்கவில்லை. "டைப்பிங் வேலைன்னு சொன்னியேம்மா" என்றார், அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

முதலில் அந்த வீடியோவை எடுங்கள். அப்புறம் எழிலரசன் சாரிடம் சொல்லுங்கள், செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதி சென்னையில் அவருடைய 'மடை' கேம் வெளியீட்டுக்கு நான் வருவேன். மேடையில் அவரைக் கேள்வி கேட்கப்போவது நான்தான். அவர் கம்பெனியில் எனக்குத் தருவதாகச் சொன்ன வேலையையும் வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

சங்கீதா

*

பெங்களூர்
16.08.2025

சின்னபொண்ணு,

காலேஜ் பரீட்சைக்கு அப்புறம் பேனா பிடித்து இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்து புரியாவிட்டால் திட்டாதீர்கள். ஏற்கெனவே வேண்டிய அளவு திட்டியாகிவிட்டது.

வீடியோவை எடுத்துவிட்டேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிரயோஜனம் இல்லை. ஆளாளுக்கு இறக்கி வைத்திருக்கிறார்கள். ஒருத்தன் தன்னுடைய அரியர் ரிசல்ட்டுக்குக் கீழே அந்த மைக் குரலைப் போட்டிருக்கிறான். என் ஆபீஸில் கேம் பாதியில் நின்றால் தமிழே தெரியாதவன்கூட "உபயம்" என்கிறான்.

வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. நாள் முழுக்க அடுத்தவன் செய்த கேமில் சுவர் சுவராக முட்டி, எங்கே பிழை இருக்கிறது என்று தேடுவதுதான் என் பிழைப்பு. வாரத்தில் ஒரு நாள் உங்களோடு பேசுவதுதான் எனக்கு விளையாட்டு. அந்த நிமிஷம் அவ்வளவு நன்றாக இருந்தது, நாலு பேர் கேட்கட்டும் என்று போட்டுவிட்டேன். உங்கள் அப்பா என்று ஒரு மனுஷர் இருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் நான் வெம்பாக்கத்துக்காரன். கூழ் ஊற்றுவது என்றால் என்ன என்று தெரியாதவன் கிடையாது.

எழிலரசன் சாரிடம் பேசினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தென்னரசு, அஞ்சு வருஷமா இந்த கேமைப் பண்றேன். பார்த்தவங்க எல்லாம் கிராபிக்ஸ் சூப்பர்னாங்க. அந்தப் பொண்ணு மட்டும்தான், உங்க கேம்ல வர்ற ஊர்ல பொம்பளைங்க தண்ணி தூக்கறாங்க, மடையை ஏன் ஒருத்திகூடத் திறக்க முடியலைன்னு கேட்டுச்சு. எனக்கு ரெண்டு நாள் தூக்கம் போச்சு. அவங்களை விட்டா மேடைக்கு வேற ஆள் இல்ல." இது போதுமா? வேலையும் உங்களுக்குத்தான். விளையாடுகிறவர்களோடு பேசுவது, அவர்கள் சொல்கிற குறைகளைத் தொகுத்து, கேம் செய்கிறவர்களிடம் சேர்ப்பது. ஹாஸ்டலும் பார்த்துத் தருவார்களாம்.

பசங்க எல்லாரும் சின்னபொண்ணு எங்கே என்று கேட்டு என்னைப் பேஜார் பண்ணுகிறார்கள். வேலூர் ரஞ்சித்குமார் ஞாபகம் இருக்கிறதா, நம் ரசிகர் குழுவுக்குத் தலைவன் மாதிரி இருப்பானே, அவன் அழாத குறை. அவர்களை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கிறேன்.

தென்னரசு

*

ஆரணி
23.08.2025

தென்னரசு அவர்களுக்கு,

ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கிறீர்களா? வேண்டாம் சாமி. ஒன்றுமே செய்யாதீர்கள். இந்தக் கடிதத்தில் வேறு எதுவும் உங்கள் மண்டையில் ஏறாவிட்டாலும் இது ஏறட்டும்.

வீட்டு நிலவரம் சொல்கிறேன். அத்தை கண்ணமங்கலத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறாள். சுதாகர் என்று பெயர், செல்போன் கடை. "ஜல்தி முடிச்சிடு அண்ணா, பேர் இன்னும் நாறதுக்குள்ள" என்று அப்பாவிடம் ஓதிகினே இருக்கிறாள்.  அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.

அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். தறியை நிறுத்தாமலே கேட்டாள். "ஏண்டி, யாரோ பண்ண பொம்மையாட்டத்த நீ கேள்வி கேட்டா அதுக்கு வேலையா தர்றாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். நாலு இழை ஓட்டிவிட்டு, "இன்னா கேட்ட?" என்றாள். மடை விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டாள். "கரெக்டாதான் கேட்டுகிற" என்றாள். தென்னரசு, நம் நிகழ்ச்சிக்கு மூன்று வருடத்தில் வந்த பாராட்டு எல்லாவற்றையும் விட எனக்கு அதுதான் பெரிது.

அவள் ஒரு வழி வைத்திருக்கிறாள். அம்பத்தூரில் இருக்கிற எல்லப்பன் மாமா, அம்மாவின் அண்ணன், விநாயகர் சதுர்த்திக்கு வருகிறார். அப்பா இந்த உலகத்தில் ஒருத்தர் பேச்சைக் கேட்பார் என்றால் அது மாமா பேச்சு. அவர் பக்குவமாக எடுத்துச் சொல்வார். அப்பாவுக்கு என் மேல் இருப்பது கோபம் இல்லை, வெட்கம். ஊர் மறந்தால் அவரும் மறப்பார். ஊர் மறப்பதற்கு நீங்கள் எல்லாரும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நிகழ்ச்சியில் என் பெயரை எடுக்காதீர்கள். கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள்.

எனக்கு அந்த மேடை வேண்டும், தென்னரசு. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இந்த வீட்டில் நான் சொல்வதை யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று இல்லை, அவரவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நானூறு பேர் நான் அடுத்து என்ன கேட்பேன் என்று காத்துகினு இருந்தார்கள். அது இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியவில்லை.

எழிலரசன் சாருக்கான கேள்விகளைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உங்களுக்கு அனுப்பமாட்டேன். அனுப்பினால் அதையும் எங்கேயாவது போட்டுவிடுவீர்கள்.

சங்கீதா

*

பெங்களூர்
01.09.2025

சின்னபொண்ணு,

படிப்பதற்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள். நல்ல சேதி.

ஒன்றும் செய்யாதே என்று எழுதியிருந்தீர்கள். தெரியும். நான் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நேற்று நேரலையில் எவனோ ஒருத்தன், சின்னபொண்ணு காசு வாங்கிக்கொண்டு வேறு நிகழ்ச்சிக்குப் போய்விட்டாள் என்று எழுதினான். என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் கடிதம் மேஜை மேலேயே இருந்தது. அந்த மேடை எனக்கு வேண்டும் என்கிற இடத்திலிருந்து படித்தேன். அந்தப் பத்தி மட்டும்தான். மாப்பிள்ளை, அத்தை, எதையும் படிக்கவில்லை.

சங்கீதா, நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நம் நிகழ்ச்சியில் இதுவரை வராத கூட்டம். பசங்க எழுதிய எதிலும் கிண்டல் இல்லை. ஒருத்தன் நீங்கள் மேடையில் நிற்கிற மாதிரி படம் வரைந்து அனுப்பினான், முகத்தை வெறுமையாக விட்டு. எழிலரசன் சார் கம்பெனியே அதை எடுத்துப் பகிர்ந்தது. கிண்டல் செய்தவர்கள் எல்லாம் மன்னிப்புக் கேட்கிறார்கள். உங்கள் அப்பாவிடம் நேரிலேயே கேட்க வேண்டும் என்கிறார்கள்.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ரஞ்சித்குமாரும் இன்னும் அஞ்சு பேரும் உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். தெருதான் ஊருக்கே தெரியுமே. நல்ல பசங்க, எல்லாரும் படித்தவர்கள். அப்பா கால் பிடித்து மன்னிப்புக் கேட்டு, உங்களைச் சென்னைக்கு அனுப்பச் சொல்லி மரியாதையாகக் கேட்பார்கள். எங்கள் ஊரில் பெரிய மனுஷரைப் பார்க்கப் போனால் வெறுங்கையோடு போகமாட்டார்கள் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தட்டு நிறையப் பழம், பூ, வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்து எடுத்து வருவார்கள்.

நானும் வந்திருப்பேன். அந்த வாரம் ஆபீஸில் ஒரு கேமை வெளியே விடுகிறோம், லீவு கிடையாது. வீடியோவில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உங்கள் கையில் கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

தென்னரசு

*

ஆரணி
09.09.2025

தென்னரசு,

உங்கள் கடிதம் எனக்குத் திங்கட்கிழமை கிடைத்தது. அவர்கள் வந்து போன மறுநாள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் வீடியோவில் பார்த்தது வாசல் வரைதான்.

மாமா சதுர்த்திக்கு வந்தார். அப்பாவோடு பேசினார். அப்பா ஒரு வாரம் யோசித்தார். சனிக்கிழமை மில்லிலிருந்து வந்து கைகால் கழுவியவர், பீரோவைத் திறந்து லேப்டாப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். "இருபதாந்தேதி நானே கூட்டிகினு போறேன். மாமா வீட்ல தங்கிக்கலாம். அந்த எழிலரசன் யாருன்னு நான் பாக்கணும்" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர், "அழுதா எப்படிப் பேசுவ மேடையில?" என்றார். இது சனிக்கிழமை. மறுபடி படியுங்கள். சனிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் பசங்க வந்தார்கள். ஆவணி மாசம். முகூர்த்த நாள். ஆறு ஆம்பளைகள், குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு, கையில் பழம் பூ வெற்றிலை பாக்குத் தட்டோடு, வயசுப் பெண் இருக்கிற வீட்டு வாசலில். தெரு என்ன நினைக்கும்? வெம்பாக்கத்தில் பிறந்த உங்களுக்கு ஒரு நிமிஷம்கூட உறைக்கவில்லையா?

அப்பா, "யாருங்க நீங்க? யார் வீட்டுக்காரங்க?" என்று கேட்டார். அதற்கு ரஞ்சித்குமார், "சார், உங்க பொண்ண எங்ககூட மெட்ராஸ் அனுப்பி வைங்க சார்" என்றான். எதிர்வீட்டு உண்ணாமலை அக்கா கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். அம்மாவுக்குப் பதற்றத்தில் ஒன்றும் புரியவில்லை. யாராவது தட்டை நீட்டினால் அவளுக்குக் கை தானாகப் போகும். ரெண்டு கையாலும் வாங்கிவிட்டாள். முன்பின் தெரியாத ஆறு பேரிடம், தெருவே பார்க்க, பெண்ணுக்குத் தட்டு வாங்கிவிட்டாள். அவ்வளவுதான். அப்பா தட்டைப் பிடுங்கித் தெருவில் வீசினார். அவர்களில் ஒருத்தன் அதையும் போனில் காட்டிக்கொண்டே இருந்தான். கீழே ஆட்கள் சிரிக்கிற பொம்மை அனுப்பிக்கொண்டே இருந்தார்களாம். கற்பகம் சொன்னாள்.

அப்பா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "இவங்கள நீதான் வரச் சொன்னியா?" இல்லை என்றேன். "உன் கடுதாசியப் படிச்சிதான் வந்தோம்னு சொன்னானே" என்றார்.  கடிதம் என்னுடையதுதானே.

சாயங்காலமே அத்தை கண்ணமங்கலத்துக்குப் போன் போட்டாள். புரட்டாசி பிறப்பதற்குள் நிச்சயம், ஐப்பசியில் கல்யாணம்.

நீங்கள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அதேதான் ஆகியிருக்கும். ஆனாலும் நீங்கள் வரவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. என் வீட்டு வாசலையும் உங்களுக்குத் திரையில்தான் பார்க்க வேண்டியிருந்தது.

எழிலரசன் சாரிடம் நான் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். கற்பகத்தின் முதலாளி தபாலைப் பற்றிக் கேட்டுவிட்டார். இனி அந்த முகவரிக்கு எழுதாதீர்கள்.

சங்கீதா

*

ஆரணி, ஜெராக்ஸ் கடை
10.11.2025

சங்கீதா,

எழுதாதே என்றீர்கள். தபாலில் போடவில்லை. கடைக்கே வந்து, இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கற்பகம் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பேப்பர் கேட்டேன், கொடுத்தார்கள். என்றைக்காவது உங்களிடம் சேர்ப்பதாகவும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

உங்கள் அப்பாவைப் பார்த்து எல்லாத் தப்பும் என்னுடையது, உங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொல்ல வந்தேன். ரெண்டு மாசம் தைரியம் சேர்த்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரில் பிளெக்ஸ் பேனர். சுதாகர், சங்கீதா. கீழே கூலிங் கிளாஸ் போட்ட நண்பர்கள் வரிசையாக. கல்யாணம் முடிந்து ஒரு வாரம் ஆகியும் யாரும் கழற்றவில்லை. நான் அதைப் படித்துவிட்டு இது வேறு யாரோ சங்கீதா என்று நாலடி நடந்துவிட்டேன். அப்புறம் கீழே சடையப்பன், காசியம்மாள் என்று பெயர் பார்த்துத்தான் தெரிந்தது. மூன்று வருடம் பேசிய ஆளின் முகத்தை நான் முதன்முதலில் அப்படித்தான் பார்த்தேன். வண்டிகள் ஹாரன் அடிக்கிற வரைக்கும் நடுரோட்டிலேயே நின்றேன்.

உங்கள் தெருவுக்குப் போகவில்லை. இனிமேல் போய் என்ன சொல்வது?

எழிலரசன் சார் விழாவுக்குப் போயிருந்தேன். மேடையில் வேறு ஒரு பெண், "இந்த ஐடியா எப்படி சார் வந்துச்சு?" என்று கேட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். உங்களைப் பற்றிப் பிறகு அவரிடம் கேட்டேன். "பாவம்தான், ஆனா எங்களுக்கு வம்பு வேணாம் தென்னரசு" என்றார். நம் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, நீங்கள் இல்லாமல் கேட்கவும் ஆள் இல்லை.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஒன்று மட்டும் தெரிய வேண்டும். என்றைக்காவது மறுபடியும் பேசுவீர்களா? எங்கேயாவது, யாரோடாவது? ஆமாம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தென்னரசு

*

கண்ணமங்கலம்
19.01.2026

தென்னரசு அவர்களுக்கு,

தலைப்பொங்கலுக்கு ஆரணி போயிருந்தோம். அப்போதுதான் கற்பகம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தாள். கேட்டிருக்கிறீர்கள் என்பதால் பதில் எழுதுகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கடையில் அவரோடு நானும் உட்காருகிறேன், கூட்டம் இல்லாத நேரத்தில் கேம் விளையாடினால்கூட ஒன்றும் சொல்லமாட்டார். பொங்கல் அன்றைக்கு அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள ஒத்துகினா நீ அந்தப் பேச்சுப் பேசும்மா, நான் ஒன்னும் சொல்லமாட்டேன்" என்றார். அவர் இப்போது மில்லுக்குப் போவதில்லை. ரொம்ப இளைத்துவிட்டார். சரிப்பா என்றேன். அவருக்காகச் சொன்னேன்.

திரும்பி வந்ததும் ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு போனில் மைக்கை ஓட விட்டு உட்கார்ந்தேன். 'மடை'யை முழுக்க விளையாடி முடித்திருந்தேன். நன்றாகத்தான் செய்திருக்கிறார். ஏன் இப்படி, ஏன் அப்படி என்று முன்பெல்லாம் எனக்குள் நச்சரித்துகினே இருக்குமே, அது வரவில்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஃபேன் சத்தம்தான் பதிவாகியிருந்தது.

நேற்று கடைக்கு ஒரு காலேஜ் பெண் வந்தாள். போனைக் கொடுத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க குரல் அப்படியே சின்னபொண்ணு மாதிரி இருக்கு. அவங்கள மாதிரி டெவலப்பரக் கேள்வி கேக்கணும்னுதான்க்கா நானும் ஒரு சேனல் ஆரம்பிச்சிருக்கேன். அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு யாருக்கும் தெரியல. நீங்க கேட்டிருக்கீங்களா அந்த ஷோ?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, டெம்பர் கிளாஸ் ஒட்டிடட்டுமா?" என்றேன்.

"சாரிக்கா" என்றாள். ஒட்டிக் கொடுத்தேன், போய்விட்டாள். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்குள் அடுத்த ஆள் ரீசார்ஜுக்கு வந்து நின்றார்.

சங்கீதா சுதாகர்